பூட்டிய காருக்கு வெளியே

சென்ற மார்கழியில் ஒரு நாள், பின்னிரவு மூன்று மணிக்கு, ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஆட்டோவில் அழைத்து வந்தனர். நெஞ்சுவலி எப்போது தொடங்கியது என்று கேட்டேன். ஒன்றரை மணி இருக்கும் என்றார் மகன். வீடு எங்கே என்று கேட்டேன். அந்நேரத்துச் சாலையில் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய தொலைவு. மீதி ஒன்றேகால் மணி நேரம் எங்கே போயிற்று?

சாவி காருக்குள் இருந்தது என்றார். மருத்துவமனைக்கு வேண்டிய துணிமணிகளையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் ஒரு பையில் திணித்து, டிக்கியை மட்டும் திறந்து பையை வைத்திருக்கிறார். கையிலிருந்த சாவியும் பதற்றத்தில் பையோடு உள்ளே போய்விட்டது. டிக்கி மூடிக்கொண்டது, கதவுகள் நான்கும் ஏற்கெனவே பூட்டியிருந்தன. அதன் பிறகு கம்பியை வளைத்தனர், ஸ்கேலைச் செருகினர், தெருவில் விழித்துக்கொண்ட நால்வர் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தந்தை வாசற்படியில் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் தெருமுனைக்கு நடந்து சென்று ஓர் ஆட்டோவை அழைத்து வந்தாராம். அந்த நால்வருக்கும் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது.

நோயாளி பிழைத்தார். ஆனால் அவருடைய இதயத்தின் இயக்கத்திறன் முன்புபோல் இல்லை. அந்த இழப்பில் எவ்வளவு அந்த ஒன்றேகால் மணி நேரத்தின் கணக்கில் சேரும் என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. இரத்தக்குழாய் அடைபட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடிந்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் படிக்கும் இவ்விதழில் கார்ச் சாவியைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதுவது பொருந்துமா என்று சிலர் நினைக்கலாம். சாவியை உள்ளே விட்டுக் கதவை மூடிக்கொள்வோர் எங்கள் வாகன நிறுத்துமிடத்தில் அடிக்கடி தென்படுகின்றனர். மருத்துவமனைக்கு வருபவரின் மனம் சாவியில் இருப்பதில்லை, அது இயல்பு. என் கவலை, பூட்டிய கதவின் முன் நின்றபின் அவர்கள் செய்வதைப் பற்றியது. காத்திருக்க வேண்டிய இடத்தில் கம்பியை எடுக்கின்றனர். ஒரு கணமும் காத்திருக்கக்கூடாத இடத்தில் கண்ணாடியின் விலையை எண்ணித் தயங்குகின்றனர்.

ஆகவே பூட்டிய காரின் முன் நிற்கும்போது முதலில் பார்க்கவேண்டியது பூட்டையன்று. உள்ளே யாராவது இருக்கிறார்களா? வெளியே நிற்பவர்களில் யாருக்காவது உடனே சிகிச்சை தேவைப்படுகிறதா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே பூட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெளியே நோயாளி இருந்தால் காரை மறந்துவிடுங்கள். அது பூட்டியே கிடக்கட்டும். 108-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸில் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஊழியரும் வருவார்கள், உங்கள் காரில் அவை இரண்டும் இல்லை. ரிப்போர்ட்டுகள் காருக்குள் மாட்டிக்கொண்டனவே என்று கலங்குவோர் உண்டு. நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதல் இ.சி.ஜி. எடுக்க எங்களுக்குப் பழைய கோப்பு தேவையில்லை. அது காலையில் வந்தாலும் போதும். உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தால் அதுவே எங்களுக்குப் பேருதவி.

உள்ளேயும் யாரும் இல்லை, வெளியேயும் யாருக்கும் ஆபத்து இல்லை என்றால், நிதானமாகத் தொழில் தெரிந்தவரை அழையுங்கள். இதைச் சொல்லும் தகுதியை நான் கைப்பொருள் செலவழித்துப் பெற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இரவுப் பணி முடிந்து வந்து, பின்னிருக்கையில் பையை வைத்துக் கதவைச் சாத்தினேன். சாவி பையில் இருந்தது. எப்படியோ கார் பூட்டிக்கொண்டது. மருத்துவர் ஒருவர் சாவியை உள்ளே விட்டுவிட்டு நிற்பதை நால்வர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம் எனக்கு. யாரையும் அழைக்காமல் துணி மாட்டும் கம்பி ஒன்றையும் எலும்பு முறிவுப் பிரிவிலிருந்து வாங்கிய ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் கொண்டு நாற்பது நிமிடம் போராடினேன். கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பட்டை கிழிந்தது. கதவின் மேல்விளிம்பு வெளிப்புறமாக வளைந்தது. கதவு திறக்கவில்லை. இறுதியில் எங்கள் காவலர் ஒருவர், என்னிடம் கேளாமலேயே, தமக்குத் தெரிந்த சாவி செய்பவருக்குப் போன் செய்துவிட்டார்.

வந்தவர் முதலில் என் முகத்தைப் பார்த்து, "கார் உங்களுதுதானா சார்? ஆர்.சி. இருக்கா?" என்றார். ஆர்.சி. புத்தகம் காருக்குள் இருந்தது. கைப்பேசியிலிருந்த டிஜிலாக்கரைத் திறந்து காட்டினேன். பெயரையும் வண்டி எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெட்டியைத் திறந்தார். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பட்டையைப் போன்ற ஒரு தட்டையான காற்றுப் பையைச் செருகிப் பம்பால் மெல்ல ஊதினார். விரல் அளவு இடைவெளி உண்டாயிற்று. உறை போட்ட நீளக் கம்பியை உள்ளே விட்டுப் பூட்டின் பொத்தானை இழுத்தார். நான்கு நிமிடத்துக்குமேல் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அவருக்குக் கொடுத்ததைப்போல் பன்மடங்கு தொகை நான் வளைத்த கதவைச் சரிசெய்யச் செலவாயிற்று. அடுத்த மழைக்கு உள்ளே நீர் கசிந்தது தனிக் கதை.

பழைய கார்களில் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே ஸ்கேலை இறக்கிப் பூட்டின் தண்டைத் தட்டிவிட முடிந்தது. அந்த நினைவில்தான் இன்றும் பலர் ஸ்கேலைத் தேடுகின்றனர். இன்றைய காரின் கதவுக்குள் பூட்டை இயக்கும் மோட்டார் இருக்கிறது. கண்ணாடிக்கான கம்பிகள், ஒலிபெருக்கி, சில கார்களில் பக்கவாட்டு மோதலை உணர்ந்து ஏர்பேக்கை விரியச் செய்யும் உணரிகளும் இருக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கேலை இறக்குவதை, வயிற்றுவலிக்கு வீட்டிலேயே கத்தியை எடுப்பதோடு ஒப்பிடத் தோன்றுகிறது. மிகைப்படுத்துகிறேன் என்பது தெரியும். ஆனால் நாற்பது நிமிடம் அதைச் செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அழைக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். சாவி கையிலிருந்தும் கதவு திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் ரிமோட்டின் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். சாதாரணச் சாவியாக இருந்தால் அதையே கதவில் நுழைத்துத் திறக்கலாம். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில், ரிமோட்டின் உடம்புக்குள்ளேயே ஓர் உலோகச் சாவி ஒளிந்திருப்பது வழக்கம். ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடி அருகே அதற்குரிய துளை இருக்கும். சில கார்களில் அதன்மேல் ஒரு மூடி இருக்கும். சொந்தக் காரில் அந்தச் சாவி இருப்பதையே அறியாத பலரைப் பார்த்திருக்கிறேன். இணைய வசதியுள்ள சில புதிய கார்களைக் கைப்பேசிச் செயலி வழியாகவும் திறக்க முடியும். வீட்டில் டூப்ளிகேட் சாவி இருந்து, அதைக் கொண்டுவர ஆளும் இருந்தால், அதைவிட மலிவான வழி வேறில்லை. இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருப்போரை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இவை எதுவும் இல்லையெனில், கார் நிறுவனத்தின் சாலையோர உதவி எண்ணை அழைக்கலாம். உங்கள் காப்பீட்டு ஒப்பந்தத்தில் அந்த உதவியைக் கூடுதலாகச் சேர்த்திருந்தால், அதில் கதவு திறந்துவிடும் உதவியும் அடங்குமா என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் 1033-ஐ அழைக்கலாம். இந்த எண்களை எல்லாம் காரின் கையேட்டில் அச்சிட்டு, கையேட்டைக் காருக்குள் வைத்திருப்பதுதான் நம் வழக்கம்! இன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

உள்ளூர்ச் சாவி செய்பவரை அழைப்பதாயின், காரின் பெயர், ஆண்டு, சாவி உள்ளே கண்ணுக்குத் தெரிகிறதா, டிக்கியில் இருக்கிறதா என்பதைப் போனிலேயே சொல்லி, கூலியையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். ஆளைக் காணும் முன்னரே முன்பணம் அனுப்பச் சொல்பவரைத் தவிர்த்துவிடுங்கள். வந்தவர் உங்கள் ஆர்.சி.யைக் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காதவரைத்தான் நான் ஐயத்தோடு பார்ப்பேன். அவர் நாளை உங்கள் காரை வேறொருவருக்கும் இதே எளிமையோடு திறந்துகொடுப்பார் அல்லவா? நோயாளியின் பெயரையும் ஒவ்வாமையையும் இரண்டு முறை கேட்கும் செவிலியரிடம் சிலர் சலித்துக்கொள்வது எனக்கு நினைவுக்கு வருகிறது.

உள்ளே ஆள் இருக்கும்போது இந்த நிதானம் எல்லாம் செல்லாது.

சென்ற கோடையில் நம் மருத்துவமனை வளாகத்திலேயே சில நாள் இடைவெளியில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. முதலாவதில், பக்கவாதச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பவிருந்த மூதாட்டியைப் பின்னிருக்கையில் அமர்த்தி, ஏ.சி.யை ஓடவிட்டு, மகன் மருந்து வாங்க இறங்கினார். கதவுகள் பூட்டிக்கொண்டன. அம்மையாருக்கு வலக்கை இன்னும் எழவில்லை. பின்கதவில் குழந்தைகளுக்கான பூட்டும் போட்டிருந்தது. மகன் கல்லைத் தேடி ஓடினார். எங்கள் செவிலியர் ஒருவர் அவரைத் தடுத்து நிறுத்தினார். கார் போர்ட்டிகோவின் நிழலில் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அம்மையார் தெளிவாக இருந்தார். "பாட்டி, இங்க பாருங்க" என்று கண்ணாடி வழியே பேச்சுக்கொடுத்து, இடக்கையால் கதவின் பொத்தானை மேலே இழுக்கும் விதத்தைச் செவிலியர் சைகையில் காட்டினார். குழந்தைப் பூட்டு உள்ளிருந்து திறப்பதைத்தான் தடுக்கும். பொத்தானை விடுவித்துவிட்டால் வெளியிலிருந்து கதவைத் திறக்கலாம். மூன்றாவது முயற்சியில் பொத்தான் எழுந்தது. அது எழாமல் போயிருந்தாலும் சாவி செய்பவர் வரும்வரை, ஒருவர் கண்ணெடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்க, காத்திருந்திருக்கலாம். எஞ்சின் நின்றாலோ, அவர் சோர்ந்தாலோ, மறுகணமே கண்ணாடி உடைந்திருக்க வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சி நண்பகலில், திறந்த வெளியில். மூன்று வயதுக் குழந்தை உள்ளே, சாவி அதன் கையில், எஞ்சின் ஓடவில்லை. தந்தையும் சித்தப்பாவும் ஸ்கேலோடு போராடிக்கொண்டிருந்தனர். சாவி செய்பவர் இருபது நிமிடத்தில் வந்துவிடுவார் என்றார்கள். குழந்தை முதலில் அழுததாம். நான் சென்றபோது அழவில்லை. அழுகை நின்றதைக் கண்டு அவர்கள் ஆறுதல் அடைந்திருந்தனர். நான் உடைக்கச் சொன்னேன். "புது வண்டி சார், இருபது நிமிஷம்தான்" என்றார் சித்தப்பா. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வெளியே நிற்பவருக்கு வெயில் வெறும் வெயில்தான். உள்ளே அது என்னவாகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

2005-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்னும் குழந்தை மருத்துவ இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருக்கும் நாளில்கூட வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 47 டிகிரி வரை வெப்பம் ஏறக்கூடும் என்று காட்டியது. அந்த ஏற்றத்தில் 80 விழுக்காடு முதல் அரை மணியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. கண்ணாடியைச் சற்றே இறக்கிவைப்பதால் சொல்லத்தக்க பயன் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. 22 டிகிரி என்பது நம் ஊரில் மார்கழி விடியற்காலை. சித்திரை நண்பகலை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். குழந்தையின் உடல் பெரியவரின் உடலைவிட மிக விரைவாகச் சூடேறும். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, நினைவும் தடுமாறத் தொடங்கினால் அது வெப்பத் தாக்கு. மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படும். முதியோரும், இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை உண்போரும், டயாலிசிஸ் முடித்து அயர்ந்து உட்கார்ந்திருப்போரும் ஏறக்குறைய இதே நிலையில் இருப்பவர்கள்தாம்.

சித்தப்பா தயங்கினார், தந்தை உடைத்தார். குழந்தை வியர்வையில் நனைந்து, கண் செருகிய நிலையில் வெளியே வந்தது. நல்லவேளையாக வெப்பத் தாக்கின் எல்லையை எட்டவில்லை. அன்று மாலைவரை எங்கள் கண்காணிப்பில் இருந்து, நடந்தே வீட்டுக்குச் சென்றது.

எல்லாருக்கும் இந்த நல்லவேளை வாய்ப்பதில்லை. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாட்டாக ஏறிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் உயிரிழந்தனர். அங்கே கார் உள்ளிருந்து திறக்கவில்லை என்பதை அறிந்து உதவிக்கு அழைக்கவே யாரும் அருகில் இல்லை. வீட்டு வாசலில் ஓடாமல் நிற்கும் காரையும் பூட்டிவைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

உடைப்பதென்று முடிவானால் முன்கண்ணாடியை விட்டுவிடுங்கள். அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு ஒட்டிச் செய்யப்பட்டது; விரிசல் விடுமே தவிர எளிதில் வழிவிடாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலான கார்களில் சிறு சிறு துண்டுகளாக உதிரும் வகை. உள்ளே இருப்பவருக்கு மிகத் தொலைவிலுள்ள சன்னலைத் தேர்ந்தெடுத்து, நடுவில் தட்டாமல் கீழ்மூலையில், வீல் ஸ்பேனர், சுத்தியல் போன்ற கூர்முனையோ கெட்டிமுனையோ உள்ள பொருளால் ஓங்கி அடியுங்கள். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒருவர் உடைக்கும்போதே மற்றொருவர் 108-ஐயோ 112-ஐயோ அழைக்கட்டும். உடைக்கும் கருவியே கிடைக்கவில்லை என்றால் தீயணைப்பு மீட்புப் பணியினருக்கு 101.

வெளியே எடுத்தவுடன் நிழலுக்குக் கொண்டுசென்று உடையைத் தளர்த்தி, குழாய்த் தண்ணீரால் உடல் முழுவதையும் நனைத்து விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று குளிர்விப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். மயங்கிய நிலையில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. எழுந்து விளையாடத் தொடங்கிவிட்டாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி, எங்கள் பக்கம் ஒரு குறை. எல்லா மருத்துவமனைகளின் வாகன நிறுத்துமிடத்திலும் ஒரு பலகை உண்டு: வாகனங்களுக்கும் உள்ளே உள்ள பொருள்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல. சட்டப்படி அந்த வாசகம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். காருக்கு நாங்கள் பொறுப்பல்லவென்றே வைத்துக்கொள்வோம். காரின் முன் கலங்கி நிற்பவர் எங்கள் நோயாளியின் மகனாகவோ மனைவியாகவோ இருக்கிறார். சில வேளைகளில் உள்ளே அடைபட்டிருப்பவரே எங்கள் நோயாளி. அவர்களுக்குப் பொறுப்பில்லை என்று எங்களால் சொல்ல முடியுமா? காவலர் அறையில் நம்பிக்கையான சாவி செய்பவர் இருவரின் எண்களை எழுதி ஒட்டுவதற்கு ஒரு தாளும் பசையும் போதும். கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்றின் விலை, எங்கள் கேண்டீனில் இருவர் உண்ணும் மதியச் சாப்பாட்டுக்குமேல் போகாது. காவலர்களுக்கு முதலுதவிப் பயிற்சி அளிக்கும் நாளில் இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அதுவரைக்கும் சுத்தியலை நானே வாங்கி முதன்மை வாயில் காவலரிடம் கொடுத்துவிட்டேன். மேசையின் இடப்பக்க இழுப்பறையில் இருக்கிறது. எனக்குக் கார் திறந்துவிட்டவரின் எண்ணும் அவரிடம் உண்டு. கேளுங்கள், கொடுப்பார். கொடுக்கும் முன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று உங்களிடம் ஒருமுறை கேட்பார்.